ரோபோ வாக்குவத்துக்கு மாற்றுப் பை: விலைக்கு முன் காலரைப் பாருங்கள்

தானாகக் குப்பையைக் காலி செய்துகொள்ளும் ரோபோ வாக்குவம் ஓசூர் அடுக்ககங்களில் இப்போது சகஜம். பெட்டியோடு வந்த பை தீர்ந்ததும், ஆன்லைனில் படம் ஒத்துப்போகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு மலிவான கட்டு ஒன்றை வாங்குகிறார்கள். சில மாதங்களில் டாக் (ரோபோ வந்து நின்று குப்பையைக் காலி செய்யும் நிலையம்) இரைகிறது, ரோபோவின் தொட்டி சரியாகக் காலியாவதில்லை, கடைசியில் டாக் மோட்டார் பழுதாகிறது. பை விலையில் மிச்சம் பிடித்த பணமெல்லாம் மோட்டார் செலவுக்குப் போய்விடும்.

ரோபோ வந்து நின்றதும் டாக் மோட்டார் சில வினாடிகள் வேகமாக ஓடி, பைக்கு வெளியே சுற்றியுள்ள காற்றை உறிஞ்சுகிறது. தூசி காலர் (பையின் வாயில் துளையோடு உள்ள கெட்டித் தகடு) வழியாகப் பைக்குள் விழ, காற்று பையின் துணியைக் கடந்து மோட்டாருக்குப் போகிறது. குப்பையைச் சேர்த்து வைப்பது பையின் ஒரு வேலை. மோட்டாருக்கு முன்னால் முதல் வடிகட்டியாக நிற்பது இன்னொன்று. மட்டமான பைகள் முதல் வேலையை மட்டும்தான் செய்கின்றன.

நம் பக்கத்துத் தூசியை நினைத்துப் பாருங்கள். கிருஷ்ணகிரி சுற்றுவட்டாரத்தில் கிரானைட் அறுக்கும், பாலிஷ் போடும் பட்டறைகள்; தருமபுரிப் பக்கம் ஆடிக் காற்றில் வரும் செம்மண்; 44ஆம் எண் நெடுஞ்சாலையோர வீடுகளில் கரும்பொடி. வீட்டுக்குள் ராகி மாவு, விபூதி, பூஜையறைக் கோலமாவு. முடியும் பஞ்சும் பையைப் பொலபொலவென்று நிரப்பும், காற்று போக இடம் விடும். மாவு போன்ற பொடியோ துணியின் துளைகளில் அப்பிக்கொள்ளும். பாதிப் பைகூட நிறையாதபோதே ‘பை நிறைந்தது’ என்று செயலி சொல்வதற்கு இது ஒரு காரணம். அட்டையில் போட்டிருக்கும் ‘60 நாள்’ கணக்கு இந்த வீடுகளுக்குப் பொருந்தாது. (ரோபோவிலிருந்து டாக்குக்குப் போகும் குழாயையும் டார்ச் அடித்துப் பாருங்கள். பூச்சரத்தின் வாழைநார் முடியோடு சுருண்டு அங்கே அடைத்திருந்தாலும் இதே எச்சரிக்கைதான் வரும்.)

நல்ல பையின் துணி மூன்று அடுக்கு. வெளியிலும் உள்ளேயும் கெட்டியான நெய்யாத் துணி, நடுவில் பஞ்சு போல மெல்லிய மெல்ட்ப்ளோன் (உருக்கிய பிளாஸ்டிக்கை ஊதி நுண்ணிழையாக்கிய) அடுக்கு. நுண்தூசியைப் பிடிப்பது நடு அடுக்குதான். அதன் இழைகளில் ஏற்றப்பட்ட நிலைமின்சாரமும் அதற்கு உதவுகிறது. ஒரு பழைய பையின் ஓரத்தை வெட்டி விரலால் பிரித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஒரே அடுக்காக, துணிக்கடைப் பை மாதிரி இருந்தால் வாங்காதீர்கள். பையின் மேல் ‘ஹெப்பா’ (நுண்தூசியைப் பிடிக்கும் உயர்தர வடிகட்டி) என்று அச்சடித்திருப்பதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். ஹெப்பாவில் எச்13 தரம் என்றால் ஊடுருவ மிக எளிதான அளவுள்ள துகள்களிலும் குறைந்தது 99.95 சதவீதத்தைத் தடுக்க வேண்டும். சோதனைச் சான்று இல்லாத கட்டில் அது வெறும் எழுத்து.

துணியைவிட அதிகம் ஏமாற்றுவது காலர். ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களுக்கே அது வேறுபடும். ரோபோவின் அடியிலும் டாக்கின் பின்னாலும் உள்ள மாடல் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பழைய காலரின் நீளம், அகலம், தடிமன், துளையின் விட்டம் நான்கையும் மில்லிமீட்டரில் அளந்து, விற்பவர் தரும் அளவோடு ஒப்பிடுங்கள். தடிமன் குறைந்தால் பை ஆடும். ஓரத்தில் காற்று புகுந்து, தூசி பையைச் சுற்றிக்கொண்டு மோட்டார்ப் பக்கம் போகும். துளையைச் சுற்றி ரப்பர் வளையம் இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

கொள்ளளவு அதிகம் என்று பெரிய பையைத் திணிப்பதும் தவறு. டாக்கில் பை வைக்கும் அறைக்குள் அது மடிந்து சுவரோடு ஒட்டிக்கொண்டால் காற்று போக வழியிருக்காது. 2.5 லிட்டர் பை வந்த இடத்தில் 2.5 லிட்டரே போடுங்கள்.

துவைத்துப் பயன்படுத்தும் ஜிப் பைகளை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. துணி தளர்வாக இருந்தால் நுண்தூசி கசியும், நெருக்கமாக இருந்தால் சீக்கிரம் அடைக்கும். பட்டறைத் தூசி படியும் வீட்டில் அதை உதறுவது கெடுதல். குவார்ட்ஸ் கலந்த கல்தூசி நுரையீரலுக்கு ஆகாது. ஒருமுறைப் பையை வெட்டிக் கொட்டி, டேப் ஒட்டித் திரும்பப் போடுவதும் வீண்: குப்பை போகும், துளை அடைப்பு அப்படியே இருக்கும்.

மாற்றும்போது முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். காலரைப் பிடித்து நேராக மேலே இழுங்கள். துளைக்கு ஒரு மூடி இருக்கும் பையானால், அது முழுதும் மூடிக்கொள்ளட்டும். அறையை உலர்ந்த துணியால் துடையுங்கள். ஈரத் துணி வேண்டாம், மிச்சப் பொடி சேறாகிவிடும். புதுப் பையின் காலரை அது செருகும் தடத்தில் அடிவரை இறக்குங்கள். துடைப்பானோடு வரும் ரோபோவானால், ஈரக் குப்பை சேரும் மழைக்காலத்தில் பை நிறையாவிட்டாலும் வாடை வந்ததும் மாற்றிவிடுங்கள். வீட்டில் பட்டி தேய்க்கும் வேலையோ சிமென்ட் வேலையோ நடக்கும் நாட்களில் ரோபோவை ஓடவே விடாதீர்கள்.

புதுக் கம்பெனிப் பை என்றால் முதலில் சிறிய கட்டாக வாங்குங்கள். ஒன்றைப் போட்டு இரண்டு வாரம் ஓட்டியபின் அதை எடுத்து, பை இருந்த அறையின் சுவரையும் மோட்டாருக்கு முன்னுள்ள ஃபில்டரையும் வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் பொடி ஒட்டினால் பை கசிகிறது, மிச்சத்தைத் திருப்பி அனுப்புங்கள். சுத்தமாக இருந்தால் பெரிய கட்டு வாங்கலாம்.