லோயா ஜிர்கா: சொல்லும் பொருளும்

ஆப்கானிஸ்தானில் அமைதிப் பேச்சு என்று செய்தி வந்தால் ‘லோயா ஜிர்கா’ என்ற சொல்லும் கூடவே வரும். இதை நாடாளுமன்றம் என்று எழுதினால் பிழை. பழங்குடி மாநாடு என்று எழுதினால் குறை.

சொல் ஆப்கானிஸ்தானில் பேசப்படும் பஷ்தோ மொழியுடையது. ‘லோயா’ என்றால் பெரிய. ‘ஜிர்கா’ என்றால் கூடிப் பேசி முடிவெடுக்கும் சபை. வட்டமாக நிற்கும் மனிதர் வரிசையைக் குறித்த மங்கோலியச் சொல்லே இதன் மூலம் என்பது அறிஞர் பலர் கருத்து. வழக்கமும் அதற்கு ஒத்தே போகிறது. ஊர் ஜிர்காவில் வட்டமாக உட்காருவார்கள். யாருக்கும் தனி ஆசனம் கிடையாது. கைதூக்கி எண்ணுவதில்லை, எல்லாரும் ஒத்துவரும்வரை பேசுவார்கள். பகை முற்றிய இரு குடும்பங்களுக்கு நடுவே ஜிர்கா முதலில் செய்வது ‘கல் வைப்பது’. கல்லுக்கு பஷ்தோவில் ‘திகா’ என்று பெயர். கல் வைத்தாயிற்று என்றால் குறித்த காலம்வரை ஆயுதம் எடுக்கக் கூடாது; மீறினால் அபராதம். ஆனால் இந்த வட்டத்தில் பெண்களுக்குப் பெரும்பாலும் இடம் இருந்ததில்லை.

1747இல் கந்தஹாரில் அகமத் ஷா துரானியை அரசராகத் தேர்ந்த கூட்டத்தை முதல் பெரிய ஜிர்காவாக மரபு சொல்கிறது. பின்னால் வந்த மன்னர்கள், தாங்கள் எடுத்த முடிவுக்கு நாட்டின் சம்மதம் வாங்க இதைக் கூட்டினார்கள்.

அப்புறம் 2001. அமெரிக்கா தலைமையிலான படைகள் தலிபான் ஆட்சியை வீழ்த்தின. டிசம்பரில் ஜெர்மனியின் பான் நகரில் ஒப்பந்தம் எழுதப்பட்டது. தோற்ற தலிபானுக்கு அங்கே நாற்காலி போடப்படவில்லை. ஒப்பந்தப்படி 2002 ஜூனில் காபூலில் அவசர லோயா ஜிர்கா கூடியது. சுமார் 1,500 பேர். முன்னாள் மன்னர் சாஹிர் ஷாவே இடைக்கால அரசுக்குத் தலைமை ஏற்க வேண்டும் என்று பலர் விரும்பினார்கள். கூட்டம் தொடங்கும் முன்பே, அவர் போட்டியிடமாட்டார் என்று செய்தியாளர்களுக்கு அறிவித்தவர் அமெரிக்க அதிபரின் சிறப்புத் தூதர் சல்மே கலீல்சாத். ஹமீத் கர்சாய் அந்த அரசின் தலைவரானார். கூடிப் பேசி முடிவெடுப்பது என்ற இந்தச் சொல்லின் உயிர்ப்பொருள் இங்கேதான் அடிபட்டது என்பேன்.

அரசியல் சாசனத்துக்காக 2003 டிசம்பரில் மறுபடி கூடினார்கள். ஃபரா மாகாணத்திலிருந்து வந்த மலாலாய் ஜோயா என்ற இளம்பெண் எழுந்து, நாட்டைச் சீரழித்த போர்த்தளபதிகளுக்கு இங்கே என்ன வேலை, அவர்களை நீதிமன்றத்தில் அல்லவா நிறுத்த வேண்டும் என்று கேட்டார். மைக் அணைந்தது. அவரை வெளியேற்றச் சொன்னார் அவைத்தலைவர்.

2004 ஜனவரியில் ஏற்கப்பட்ட அந்தச் சாசனம், மக்கள் விருப்பத்தின் உச்ச வெளிப்பாடு லோயா ஜிர்காவே என்றது. மாவட்ட சபைத் தலைவர்கள் அதில் உறுப்பினர்கள் என்றும் விதித்தது. மாவட்ட சபைத் தேர்தலோ கடைசிவரை நடக்கவே இல்லை. ஆக, சாசனம் சொன்ன வடிவில் ஒரு லோயா ஜிர்காவைக் கூட்ட வழியே இல்லாமல் போயிற்று. 2013இல் அமெரிக்காவுடனான பாதுகாப்பு ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் தந்ததும், 2020 ஆகஸ்டில் 400 தலிபான் கைதிகளை விடுவிக்கச் சம்மதித்ததும் அரசு அழைத்துக் கூட்டிய ஆலோசனை ஜிர்காக்களே. சண்டையிட்ட இரு தரப்பும் ஒரே வட்டத்தில் உட்காரவில்லை. கைதிகளை விடுவிக்கும் அந்த முடிவுக்கு அடுத்த ஆண்டு ஆகஸ்டிலேயே காபூல் தலிபான் கைக்குப் போயிற்று.

சரி, தமிழில் எப்படிச் சொல்லலாம்? ‘பேரவை’ நமக்குச் சட்டப்பேரவையை நினைவூட்டும். ‘பஞ்சாயத்து’ ஐவர் சபை, அளவில் சிறிது. ஊர் மக்கள் மரத்தடியில் கூடும் பொதுவெளிக்குச் சங்கப் பாடல்கள் தந்த பெயர் ‘மன்றம்’. எனவே ஜிர்காவை மன்றம் என்றும் லோயா ஜிர்காவைப் பெருமன்றம் என்றும் எழுதலாம். அரசு தேர்ந்தெடுத்து அழைத்ததை ‘ஆலோசனைப் பெருமன்றம்’ எனப் பிரித்துச் சொல்வது நல்லது. 2022இல் தலிபான் காபூலில் கூட்டியதில் ஆயிரக்கணக்கான மதகுருமார்கள் இருந்தார்கள், ஒரு பெண்கூட இல்லை. அதற்கு உலமாக்கள் கூட்டம் என்ற பெயரே பொருந்தும்.