தலைக்கு மேல் இலை இருக்கிறதா என்று விதைக்கு எப்படித் தெரிகிறது?

ஏற்காட்டிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "மார்கழிப் பனிக்குப் பயந்து குழித்தட்டை வீட்டுக்குள் ஜன்னலோரம் வைத்தேன். தக்காளி முளைத்தது. ஆனால் நாற்று வெளிறி, நெடுநெடுவென்று நீண்டு, கண்ணாடிப் பக்கம் சாய்ந்துவிட்டது. அதே நாளில், அதே ஆழத்தில் ஊன்றிய லெட்டூஸ் தலைகாட்டவே இல்லை. விதை சரியில்லையா?"

விதைமீது தவறு இருக்க வாய்ப்பு குறைவு. இரண்டு தொல்லைகளுக்கும் ஒளிதான் காரணமாக இருக்க வேண்டும்.

தெரிந்ததைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். முளைக்க நீரும் காற்றும் ஏற்ற வெப்பமும் வேண்டும். தக்காளிக்கும் மிளகாய்க்கும் 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் உகந்தது. சுமார் 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டின் மார்கழி இரவு அதைத் தராது. வீட்டுக்குள் வைத்தது நல்ல முடிவு. மக்கிய தென்னை நார்க்கழிவோடு மண்புழு உரம் கலந்து நிரப்பினால் போதும். ஈரம் மிகுந்தால் நாற்றழுகல் வரும்.

இனி லெட்டூஸ். தக்காளி இருட்டிலும் முளைக்கும். லெட்டூஸின் பல ரகங்கள் முளைக்காது. நீரில் ஊறிய பிறகு மேலே வெளிச்சம் பட்டால்தான் விழிக்கும். புகையிலை விதையும் பெட்டூனியா விதையும் இப்படித்தான். பொடி விதைக்குள் சேமிப்பு மிகக் குறைவு. ஆழத்தில் முளைத்தால், முளை மேலே வருவதற்குள் அது தீர்ந்துவிடும். எனவே ஒளி எட்டும் இடத்தில் இருந்தால் மட்டுமே முளைக்கிறது.

இதைவிட வியப்பானது, அந்த விதை ஒளியின் நிறத்தையும் பார்க்கிறது என்பது. அமெரிக்க வேளாண் துறையின் பெல்ட்ஸ்வில் ஆய்வு மையத்தில் தாவரவியலாளர் போர்த்விக்கும் வேதியியலாளர் ஹெண்ட்ரிக்ஸும் சக ஆய்வாளர்களும் 'கிராண்ட் ரேபிட்ஸ்' என்ற லெட்டூஸ் ரகத்தின் ஊறிய விதைகளைச் சோதித்தார்கள். சிவப்பொளி காட்டினால் பெரும்பாலான விதைகள் முளைத்தன. உடனே தூரச் சிவப்பொளியை, அதாவது நம் கண்ணுக்கு ஏறத்தாழத் தெரியாத ஆழ்ந்த சிவப்பைக் காட்டினால் பெரும்பாலானவை முளைக்கவில்லை. மறுபடி சிவப்பு காட்டினால் முளைத்தன. இப்படி மாற்றி மாற்றிக் காட்டியபோது முந்தைய ஒளிகளுக்கு மதிப்பே இல்லை. கடைசியாகப் பட்ட ஒளி எதுவோ அதன்படியே விதை நடந்துகொண்டது. 1952இல் இந்த முடிவை வெளியிட்டார்கள்.

இரு நிலைகளுக்கிடையே மாறக்கூடிய ஒரே நிறமிதான் இதைச் செய்ய வேண்டும் என்று அவர்கள் ஊகித்தார்கள். இருட்டில் வளர்த்த மக்காச்சோள முளைகளில் 1959இல் அது அகப்பட்டது. அதுவே ஃபைட்டோகுரோம். சுமார் 660 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பை உள்வாங்கினால் அது வேலை செய்யும் வடிவத்துக்கு மாறுகிறது. 730 நானோமீட்டர் அளவிலான தூரச் சிவப்பை உள்வாங்கினால் பழைய வடிவத்துக்கே திரும்புகிறது. இருட்டிலும் மெல்ல மெல்லத் திரும்பும். வேலை செய்யும் வடிவம் நிலைத்தால் விதைக்குள் முளைப்பைத் தூண்டும் ஜிப்ரலின் என்ற ஹார்மோன் பெருகுகிறது. உறக்கத்தைக் காக்கும் அப்சிசிக் அமிலம் குறைகிறது. முளைவேரை மூடியிருக்கும் திசு இளகி வழிவிடுகிறது.

சரி, மண்ணில் கிடக்கும் விதைக்கு இரண்டு சிவப்புகளைப் பிரித்தறிந்து என்ன ஆகப்போகிறது? பச்சை இலையை எண்ணிப் பாருங்கள். அதன் பச்சையம் சிவப்பொளியை விழுங்கிவிடுகிறது. தூரச் சிவப்பைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறது. திறந்த வெயிலில் இரண்டும் ஏறத்தாழச் சமம். இலைகளைக் கடந்து வரும் ஒளியிலோ தூரச் சிவப்பே ஓங்கியிருக்கும். அந்த விகிதத்தை வைத்து, தன் தலைக்கு மேல் வேறொரு செடி இருக்கிறது என்று விதை கண்டுகொள்கிறது. கண்ணும் மூளையும் இல்லாத ஒன்று ஒரேயொரு மூலக்கூற்றைக் கொண்டு அண்டை வீட்டாரை அறிகிறது! ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் நிழல் தரும் சில்வர் ஓக் மரங்களின் கிளைகளைக் கழித்த பிறகு மழை பெய்தால் களை பொங்கி எழுவதில் இந்த நிறமிக்கும் பங்கு உண்டு. உழும்போது புரளும் மண்ணில் நொடி நேரம் வெளிச்சம் படுவதே சில களை விதைகளுக்குப் போதும். ஜெர்மனியில் இரவில் உழுது பார்த்த ஆய்வாளர்கள் களை குறைந்ததைக் கண்டார்கள். பிற இடங்களில் பலன் கூடியும் குறைந்தும் வந்திருக்கிறது.

பெல்ட்ஸ்வில்லில் இதைக் கண்டவர்கள் எந்தப் பொருளையும் சந்தைக்குக் கொண்டுவருவதற்காக வேலை செய்யவில்லை. விளக்கைப் போட்டும் அணைத்தும் விதைகளை எண்ணிக்கொண்டிருக்க அரசு சம்பளம் கொடுத்தது. நம் ஊர் வேளாண் ஆய்வு நிலையங்களிலும் 'இதனால் உடனே என்ன லாபம்' என்று கேட்காத ஒரு நிதி இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

தக்காளி நாற்று நீண்டதற்கும் ஃபைட்டோகுரோமே முக்கியப் பொறுப்பாளி. வேலை செய்யும் வடிவம் குறைந்தால், மேலே யாரோ மறைக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு நாற்று தன் சத்தை இலையைவிடத் தண்டின் உயரத்துக்கே செலவழிக்கிறது. முழு இருட்டில் இது உச்சத்துக்குப் போகும்: அம்மன் கோயில் திருவிழாவுக்கு இருட்டறையில் வளர்க்கும் முளைப்பாரி வெளிர்மஞ்சளாய் உயர்ந்து நிற்பது இதனால்தான். விதையின் தரத்தை ஊரே கூடிப் பார்க்கும் அழகான சோதனை அது. ஆனால் அது சரியாக வளராவிட்டால் வளர்த்த பெண்ணின் மீது குற்றம் சொல்வது அநியாயம். பழைய விதையும் தேங்கிய நீரும் செய்ததற்கு அவள் என்ன செய்வாள்?

ஜன்னல் முழு இருட்டு இல்லை. ஆனாலும் வெளிச்சம் மிகக் குறைவு. நண்பகல் வெட்டவெளியில் ஒளி ஒரு லட்சம் லக்ஸ் வரை போகும். அறைக்குள் சில நூறு லக்ஸ்தான். நம் கண் பழகிக்கொள்வதால் இந்த வேறுபாடு உறைப்பதில்லை. மூடுபனி நாளில் இன்னும் மோசம். ஜன்னலுக்கு வெளியே மரம் இருந்தால் தூரச் சிவப்பும் கூடும். கண்ணாடிப் பக்கம் சாய்வது வேறு கதை: அதற்கு நீல ஒளியை உணரும் வேறு நிறமி இருக்கிறது, நிழல் பக்கத்தில் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன் சேர்ந்து அந்தப் பக்கம் கூடுதலாக நீள்கிறது.

ஆகவே வெள்ளை எல்.இ.டி. குழல்விளக்கு ஒன்றை நாற்றுக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் தொங்கவிட்டு, நாளுக்கு 14 முதல் 16 மணி நேரம் எரியவிடுங்கள். அதில் தூரச் சிவப்பு மிகக் குறைவு. பழைய குண்டு பல்பு வேண்டாம். அதில் சிவப்பைவிடத் தூரச் சிவப்பே அதிகம், நாற்று இன்னும் நீளும். தினமும் நாற்றின் தலையை உள்ளங்கையால் மெல்ல வருடிவிடுங்கள். அசைவை உணரும் தண்டு குட்டையாகி உரம் பெறுகிறது.

லெட்டூஸ் விதையை மண்மேல் தூவி, லேசாக அழுத்தி, தண்ணீர் தெளித்து, மூடாமல் விடுங்கள். சேலத்தில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: வெப்பம் 30 டிகிரியைத் தாண்டினால் வெளிச்சம் இருந்தாலும் பல ரகங்கள் உறங்கிவிடும். வீட்டின் மிகக் குளிர்ந்த மூலையைத் தேடுங்கள்.

நீண்டுபோன தக்காளி நாற்றை எறிய வேண்டாம். மாற்றி நடும்போது விதையிலைகள் வரை தண்டை மண்ணுக்குள் இறக்கிவிடுங்கள். புதைந்த தண்டெல்லாம் வேர்விடும். லெட்டூஸை மட்டும் அப்படிப் புதைத்துவிடாதீர்கள், குருத்து அழுகிவிடும்.