பெற்றோல் அடித்ததும் ஸ்டார்ட் ஆகாத கெப்

கந்தப்பளையிலிருந்து தம்புள்ளைக்கு மரக்கறி ஏற்றுகிற அண்ணன் ஒருவர். வண்டி பெற்றோல் எஞ்சின் போட்ட பழைய சிங்கிள் கெப். நானுஓயாவில் இருக்கும் எங்கள் கராஜுக்கு வந்து இறங்கியதும் சொன்னது இதுதான்: "பாஸ், காலையில ஒரே அடியில ஸ்டார்ட் ஆகுது. பெற்றோல் அடிச்சாத்தான் கரைச்சல்."

பிளக் மாற்றியிருந்தார். பெற்றோல் பம்ப் மாற்றியிருந்தார். தண்ணீர் கலக்கிறார்களோ என்று சந்தேகப்பட்டு பெற்றோல் ஷெட்டையே மாற்றிப் பார்த்திருந்தார். புது ஷெட்டிலும் அதே கதை. பின்னால் வரிசையில் நின்றவர்கள் இறங்கித் தள்ளிவிட்டிருக்கிறார்கள். ஐடிலில் (எக்ஸலேட்டர் மிதிக்காமல் ஓடவிடும்போது) நடுக்கம், கெபினுக்குள் பெற்றோல் வாசம், எரிந்தபடியே இருக்கும் செக் எஞ்சின் லைட் எல்லாம் சேர்ந்தே இருந்தன. ஆனால் எனக்கு வழி காட்டியது "பெற்றோல் அடிச்சாத்தான்" என்ற அந்த வார்த்தை.

டேங்கில் இருக்கும் பெற்றோல் சும்மா இருக்காது, ஆவியாகிக்கொண்டே இருக்கும். அந்த ஆவியை வெளியே விடாமல் கரித்தூள் நிரப்பிய ஒரு டப்பா பிடித்து வைக்கும். அதைத்தான் கெனிஸ்டர் என்கிறோம். எஞ்சின் சூடாகி ஓடும்போது கெனிஸ்டரில் சேர்ந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாக எஞ்சினுக்குள் இழுத்து எரிக்க வேண்டும். அதற்கு நடுவில் இருக்கும் கதவுதான் பர்ஜ் வால்வு. கரண்ட் வராதபோது மூடியிருக்க வேண்டும். கம்ப்யூட்டர் சொல்லும்போது டிக் டிக் என்று திறந்து மூட வேண்டும். அது திறந்தபடியே இறுகிவிட்டால் என்ன ஆகும்? பெற்றோல் அடிக்கும்போது டேங்கில் இருந்த ஆவியெல்லாம் கெனிஸ்டருக்குத் தள்ளப்படும். சாவியைத் திருப்பியதும் அவ்வளவும் எஞ்சினுக்குள் பாயும். காற்றின் அளவுக்கு மேல் பெற்றோல் மிஞ்சி எஞ்சின் திணறும். (டீசல் கெப் வைத்திருப்பவர்கள் இதோடு போய் டீ குடிக்கலாம். உங்கள் வண்டியில் இந்த வால்வு கிடையாது.)

பார்ப்பதற்கு பிழைக் குறியீடு படிக்கும் ஸ்கேனர்கூட வேண்டாம். எஞ்சின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து ஐடிலில் விடுங்கள். கெனிஸ்டர் பக்கமிருந்து வால்வுக்கு வரும் ஹோஸைக் கழற்றி, வால்வின் வாயில் பெருவிரலை வையுங்கள். இழுக்கக் கூடாது. இழுத்தால் வயர் கனெக்டரையும் கழற்றிப் பாருங்கள். அப்போதும் இழுத்தால் வால்வுதான் போயிருக்கிறது. கனெக்டர் கழன்றதும் இழுப்பு நின்றால் வயரிங்கைத் தேடுங்கள். அன்றைக்கு அந்த அண்ணனின் விரலையே வைக்கச் சொன்னேன். "அட்டை மாதிரி உறிஞ்சுதே" என்றார். ஸ்கேனரில் பி0496 என்ற பிழைக் குறியீடு விழுந்திருந்தது. ஆவி அளவுக்கு மிஞ்சி ஓடுகிறது என்று அதற்கு அர்த்தம். ஆவி எங்கோ பெரிதாகக் கசிகிறது என்று சொல்லும் பி0455 வந்தால் உடனே வால்வு வாங்க ஓடாதீர்கள், முதலில் டேங்க் மூடியின் ரப்பரைப் பாருங்கள்.

மாற்றுவது பெரிய வேலையில்லை. பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினல், கனெக்டர், இரண்டு ஹோஸ், ஒரு 10 சாவி போல்ட், அவ்வளவுதான். கனெக்டரின் பிளாஸ்டிக் பூட்டு வருஷக்கணக்கில் வெந்து அப்பளம் மாதிரி ஆகியிருக்கும். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பாமல் நகத்தால் அழுத்துங்கள். புது வால்வை மாட்டுமுன் வாயால் ஊதிப் பாருங்கள், காற்றுப் போகக் கூடாது. பழைய வண்டியிலிருந்து கழற்றியதை வாங்கினால் இதைக் கடையிலேயே செய்துவிடுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பு. எங்கள் ஆட்களின் கராஜ் என்றால் சாமி படமும் அதன் முன்னால் விளக்கும் இருக்கும். பெற்றோல் ஹோஸ் கழற்றும் வண்டியை நான் உள்ளே எடுப்பதில்லை. குளிர் ஊரில் என்ன பயம் என்று கேட்பார்கள். ஜனவரியில் நுவரெலியாவில் புல்லில் பனி உறையும் காலையிலும் பெற்றோல் ஆவி தீப்பிடிக்கும். மைனஸ் 40 பாகை அளவில்கூடப் பற்றுவதற்குப் போதுமான ஆவி அதிலிருந்து கிளம்பும். அது காற்றைவிடப் பாரமானது என்பதால் தரையோடு ஊர்ந்து சர்வீஸ் குழிக்குள் இறங்கி நிற்கும்.

சரி, வால்வு மாற்றி அனுப்பினேன். வண்டி நன்றாக ஓடியது. மூன்று மாதத்தில் அதே அண்ணன், அதே கரைச்சல்!

தவறு என்னுடையது. கழற்றிய பழைய வால்வை முதல் நாளே வெள்ளைத் துணியில் தட்டிப் பார்த்திருக்க வேண்டும். இந்த முறை தட்டினேன். தேயிலைத் தூசு மாதிரி கருப்பாக விழுந்தது. கெனிஸ்டர் உள்ளே உடைந்து, அதன் கரித்தூள் ஹோஸ் வழியாக வந்து புது வால்வின் வாயில் சிக்கியிருக்கிறது. கெனிஸ்டரைக் கழற்றித் தூக்கினால் கைக்குப் பாரம், சாய்த்தால் பெற்றோல் சொட்டுகிறது. ஆவி மட்டும் போக வேண்டிய இடத்தில் பெற்றோலே போயிருக்கிறது.

எப்படிப் போனது என்று அவரிடமே கேட்டேன். ஷெட்டில் பம்ப் "டக்" என்று நின்ற பிறகும் அடிப்பதை நிறுத்துவதில்லையாம். காசு சரிக்கட்ட இன்னும் கொஞ்சம், கெப்பை இரண்டு குலுக்குக் குலுக்கிவிட்டு இன்னும் கொஞ்சம். 2022இல் நாள்கணக்காக வரிசையில் நின்று, கியூஆர் காட்டி, அளந்து வாங்கிய நமக்கு அந்தக் கடைசிச் சொட்டை விட மனம் வராது. எனக்கும்தான். ஆனால் "டக்" சத்தத்துக்கு மேலே டேங்கில் விட்டிருக்கும் இடம் ஆவிக்கு உரியது. அதையும் நிரப்பிவிட்டு றம்பொடை ஏற்றத்தில் இரண்டாம் கியரில் முக்கினால், டேங்க் சாயச்சாய பெற்றோல் ஆவிக் குழாய்க்குள் ஏறும். போதாக்குறைக்கு நுவரெலியா 1868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடல் மட்டத்தைவிடக் காற்றழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. தம்புள்ளை வெயிலில் அடித்த பெற்றோல் இங்கே வந்து சேருவதற்குள் இன்னும் வேகமாக ஆவியாகும்.

கெனிஸ்டரையும் வால்வையும் சேர்த்து மாற்றி, இடையில் இருந்த ஹோஸைக் காற்றடித்துச் சுத்தம் செய்தேன். சிலர் செலவுக்குப் பயந்து ஹோஸில் ஒரு போல்டைச் செருகிக் கட்டிவிடுவார்கள். ஸ்டார்டிங் சரியாகிவிடும். ஆனால் கெனிஸ்டர் ஒருநாளும் காலியாகாது, ஆவி வெளியே கசியும், பெற்றோல் வாசம் போகாது. அந்த வாசத்தில் பென்சீன் இருக்கிறது. அது புற்றுநோய் உண்டாக்குவது. சிங்கிள் கெப்பில் பிள்ளையை மடியில் வைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோகிறவர்கள் யோசிக்க வேண்டும். வால்வைத் திறந்தபடி விட்டாலும் சும்மா இருக்காது, லைசன்ஸ் எடுக்கும் நேரம் புகைப் பரிசோதனையில் மாட்டிவிடும்.

போன மாதம் பிரேக் பேட் மாற்ற அண்ணன் வந்தார். இப்போது "டக்" என்றதும் போதும் என்று சொல்லிவிடுகிறாராம். பில் ஒருநாளும் முழு எண்ணில் வருவதில்லை, மிச்சச் சில்லறைக்கு ஷெட் பையன் டொபி கொடுக்கிறான் என்று குறைபட்டுக்கொண்டே எனக்கும் ஒன்று நீட்டினார்.