ஒரேயொரு ஊழியர் இருந்தாலும் சேமலாப நிதி கட்டாயம்

வடமராட்சியில் மிளகாய்த்தூளும் ஒடியல் மாவும் பொதி செய்யும் சிறிய ஆலை ஒன்றில் 11 வருடங்கள் வேலை செய்த அக்கா ஒருவர், முழங்கால் வலி தாங்காமல் 52 வயதில் வேலையை விட்டார். முதலாளி ஒரு சேலையும் 25,000 ரூபாவும் கொடுத்து, கண் கலங்கி வழியனுப்பினார். அவர் கெட்டவர் அல்லர். தூளில் சாயம் கலக்காதவர். பிளாஸ்டிக் பைகளைக் குறைத்துப் பனையோலைப் பெட்டிகளுக்கு மாறியவர். ஊழியர் வீட்டுச் செத்தவீட்டுக்கு முதல் ஆளாகப் போய் நிற்பவர். ஆனால் அந்த 11 வருடங்களில் ஒரு மாதமேனும் அக்காவின் பெயரில், ஓய்வுகாலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதிக்குப் பணம் செலுத்தியதில்லை. கேட்டபோது, "எட்டுப் பேர்தானே வேலை செய்கிறார்கள், அதெல்லாம் பெரிய கம்பனிகளுக்கு உரியது" என்றார். நேர்மையாகத் தொழில் செய்வதாக நம்பும் பலரும் சறுக்குவது இந்த ஒரு வசனத்தில்தான்.

இதற்கான சட்டம் இலங்கையின் 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம். அதன் வரலாறு இங்கு தேவையில்லை. ஊழியரின் சம்பளத்திலிருந்து 8 சதவீதம் கழிக்கப்பட வேண்டும். முதலாளி தன் பணத்திலிருந்து 12 சதவீதம் சேர்க்க வேண்டும். இதற்குப் புறம்பாக, ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 சதவீதத்தை முதலாளி மட்டுமே செலுத்த வேண்டும். அதற்கென ஊழியரிடம் ஒரு சதமும் கழிக்க முடியாது. 2026 ஜனவரி முதல் நடைமுறையிலுள்ள குறைந்தபட்ச மாதச் சம்பளமான 30,000 ரூபாவை எடுத்துக்கொண்டால், ஊழியர் பங்கு 2,400, முதலாளி பங்கு 3,600, நம்பிக்கை நிதியத்துக்கு 900. ஊழியரின் கைக்கு 27,600 ரூபா வரும். முதலாளிக்கு மொத்தச் செலவு 34,500 ரூபா.

இலாபத்துக்கு நடத்தும் தொழில்களுக்கு எத்தனை ஊழியர்கள் என்ற கேள்வியே இச்சட்டத்தில் எழுவதில்லை. குடும்பத்தவர் மட்டும் நடத்தும் கடைக்கு விலக்கு உண்டு என்பது உண்மை. ஆனால் வெளியார் ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டு அந்த விலக்கைக் கேட்க முடியாது. "15 பேருக்குக் குறைந்தால் தேவையில்லை" என்பார்கள்; அந்த எண்ணிக்கை, வேலையை விடும்போது கொடுக்கும் பணிக்கொடைக்கான சட்டத்துக்கு உரியது. யாரோ அதை இங்கே கொண்டுவந்து ஒட்டிவிட்டார்கள், சில கணக்காளர்களும் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நாட்கூலி, தற்காலிகம், கிலோவுக்கு இவ்வளவு என்ற துண்டுக்கூலி ஆகிய எவையும் தப்பும் வழிகள் அல்ல. "ஆறு மாதம் போகட்டும், பார்த்துப் பதிவு செய்வோம்" என்பதும் செல்லாது. உரிமை வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலேயே தொடங்குகிறது.

அதிகம் பேர் ஏமாறும் இடம் ஒரு கடிதம். "எனக்குச் சேமலாப நிதி தேவையில்லை, முழுச் சம்பளத்தையும் கையில் தரவும்" என்று எழுதி வாங்கி அலுமாரியில் வைத்திருக்கும் முதலாளிகளை எனக்குத் தெரியும். மாதம் 2,400 ரூபா குறையுமே என்ற கவலையில் ஊழியரும் விரும்பியே கையொப்பமிட்டிருப்பார். சட்டத்தின் முன் அந்தக் கடிதத்துக்குப் பெறுமதி இல்லை. அது ஊழியரின் உரிமையை நீக்காது, முதலாளியையும் காப்பாற்றாது. "12 சதவீதத்தையும் சம்பளத்தோடு சேர்த்துத்தானே தந்தேன்" என்ற வாதமும் அப்படித்தான்.

அடுத்த பொறி சம்பளச் சீட்டில் இருக்கிறது. 40,000 ரூபா கொடுத்துவிட்டு, அதில் பாதியை அடிப்படைச் சம்பளம் என்றும் மீதியை விதம்விதமான படிகள் என்றும் எழுதி, பாதிக்கு மட்டும் பங்களிப்புச் செலுத்துவது பரவலாக நடக்கிறது. வாழ்க்கைச் செலவுப் படி, தரகுப் பணம், விடுமுறைக் கொடுப்பனவு, துண்டுக்கூலி ஆகியனவும் கணக்கில் சேர வேண்டியவை. மேலதிக நேரக் கொடுப்பனவு சேராது. இதைவிடக் கொடியது, சீட்டில் 8 சதவீதத்தைக் கழித்துக் காட்டிவிட்டுப் பணத்தைக் கட்டாமல் விடுவது. சீட்டில் கழித்திருப்பது பணம் போய்ச் சேர்ந்ததற்குச் சான்று ஆகாது; நிதியைப் பராமரிக்கும் மத்திய வங்கியின் கணக்கில் உள்ள மீதி மட்டுமே சான்று. கணக்குக்கூற்றைக் கேட்டு வாங்குங்கள். அது முதலாளியின் மேசையில் தூங்குவதற்காக அச்சிடப்படுவதில்லை.

முதலாளிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு மாதத்துக்குரிய பணமும் அடுத்த மாத இறுதிக்குள் செலுத்தப்பட வேண்டும். பிந்தினால் மிகைக்கட்டணம் 5 சதவீதத்தில் தொடங்கி, 12 மாதங்களைத் தாண்டும்போது 50 சதவீதமாகிவிடும். உரிய காலத்தில் கழிக்கத் தவறிய 8 சதவீதத்தைப் பின்னர் ஊழியரிடம் பிடிக்கவும் முடியாது. 30,000 ரூபா சம்பளத்தில் ஒருவருக்கு ஒரு வருடத்தை ஒழுங்காகக் கட்டினால் முதலாளியின் 12 சதவீதம் 43,200 ரூபா மட்டுமே. அதே வருடத்தை நீண்ட காலம் கழித்துக் கட்டினால், ஊழியரின் 8 சதவீதமும் முதலாளி தலையில் விழுந்து நிலுவை 72,000, அதன் பாதி மிகைக்கட்டணம், ஆக 108,000 ரூபா. வழக்கு நீதவான் நீதிமன்றம் சென்றால் அது தண்டப்பணம் போல அறவிடப்படும். எட்டுப் பேருக்கும் ஒழுங்காகக் கட்டினால் சேமலாப நிதியும் நம்பிக்கை நிதியமும் சேர்த்து முதலாளிக்கு மாதம் 36,000 ரூபா. மாதம் 6,000 பொதிகள் விற்பவருக்குப் பொதிக்கு 6 ரூபா. அந்த 6 ரூபாவை விலையில் சேர்க்கத் துணியாமல் ஊழியரின் முதுமையில் சேர்த்துவிட்டு, பெட்டியில் மட்டும் "இயற்கை" என்று எழுதுவது எனக்குப் புரியவில்லை.

இனி, முறைப்பாடு செய்ய வேண்டிய தொழில் திணைக்கள அலுவலகம். அக்கா முதல் தடவை 750ஆம் இலக்கப் பேருந்தில் யாழ்ப்பாணம் போனபோது, நியமனக் கடிதம் இல்லையென்று திருப்பி அனுப்பப்பட்டார். நியமனக் கடிதம் கொடுக்காதது முதலாளியின் தவறு. அதற்காக ஊழியரின் முறைப்பாட்டை மறுக்க இடமில்லை. வரவுப் பதிவேட்டின் படம், சம்பளம் வைப்பிலிட்ட வங்கிச் சீட்டு, கூட வேலை செய்தவரின் சத்தியக்கடதாசி, ஆலைப் பொங்கலில் எடுத்த புகைப்படம்கூட உதவும். இரண்டாம் தடவை உரிய அலுவலர் வெளிக்களத்தில் இருந்தார். மூன்றாம் தடவை, வாயால் சொன்ன முறைப்பாடு எங்கும் பதியப்படவில்லை என்பது தெரிந்தது. ஒவ்வொரு தடவையும் அவர் இழந்தது ஒரு நாள். ஆகவே முறைப்பாட்டை எழுத்தில் கொடுங்கள். பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். கோப்பு இலக்கம் கிடைக்காமல் கதிரையை விட்டு எழும்பாதீர்கள். கொழும்பிலிருந்து சிங்களத்தில் மட்டும் கடிதம் வந்தால் தமிழில் கேளுங்கள். அது சலுகை அல்ல.

பணம் ஒழுங்காகக் கட்டப்பட்டிருந்தாலும் மீளப் பெறும்போது இடறுவது பெரும்பாலும் பெயரில்தான். தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எழுதுவார்கள். அடையாள அட்டையில் ஒரு எழுத்து, சேமலாப நிதியின் உறுப்பினர் அட்டையான ‘பி’ அட்டையில் வேறொரு எழுத்து. பழைய அடையாள அட்டை இலக்கத்தில் பதிந்தவருக்கு இப்போது 12 இலக்கங்கள் கொண்ட புதிய அட்டை இருக்கும். 50 வயதில் பெண்ணோ 55 வயதில் ஆணோ பணத்தை மீளக் கோரும் ‘கே’ படிவத்துடன் வரும்போது இவற்றைத் திருத்தத் தொடங்கினால் மாதங்கள் ஓடிவிடும். முதலாளி கடையை மூடிவிட்டு வெளிநாடு போயிருந்தால் சேவை முடிவுக் கடிதத்துக்கும் அலைய வேண்டும். வேலையில் இருக்கும்போதே திருத்துங்கள்.

அக்காவின் கோப்புக்கு இப்போது இலக்கம் உண்டு, விசாரணை நடக்கிறது. ஆலையில் மீதமிருக்கும் ஏழு பேருக்கும் ‘பி’ அட்டை வந்துவிட்டது. அவற்றில் இரண்டில் அடையாள அட்டை இலக்கம் பிழை. வருகிற புதன்கிழமை மறுபடியும் 750இல் ஏற வேண்டும்.