ஹசார்ட்: ஆபத்தா, அபாயமா, இடரா?

ஹசார்ட் (hazard), ரிஸ்க் (risk) என்ற ஆங்கிலச் சொற்கள் இரண்டையும் தமிழில் 'ஆபத்து' என்றே எழுதிவிட்டுப் போவதைப் பார்க்கும்போதெல்லாம் மனம் பொறுக்கவில்லை. சொல் விவகாரம் மட்டும் என்றால் விட்டுவிடலாம், ஆனால் இரண்டும் ஒன்றாகிப்போனால் எதைச் சரிசெய்ய வேண்டும் என்பதே குழம்பிவிடுகிறது.

ஹசார்ட் என்பது தீங்கு செய்யக்கூடிய ஒன்று. ஈயம், ஆஸ்பெஸ்டாஸ், நிலத்தடி நீரில் கலந்த ஆர்செனிக், கடும் வெயில் எல்லாம் இதில் அடங்கும். அந்தத் தீங்கு ஒருவரை வந்து சேர எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது, சேர்ந்தால் எவ்வளவு பாதிக்கும் என்ற கணக்குதான் ரிஸ்க்.

பழைய வீட்டு ஜன்னல் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். அடியில் ஈயம் கலந்த பெயிண்ட், அதன்மேல் புதுப் பூச்சு, எங்கும் உரியவில்லை. ஈயம் அங்கேதான் இருக்கிறது, யார் உடம்புக்குள்ளும் போகவில்லை. அப்புறம் நாளாக நாளாக, கதவைத் திறந்து மூடும்போது மரமும் மரமும் உரசி மாவு மாதிரி ஒரு தூள் ஜன்னல் விளிம்பில் படிகிறது, தவழ்ந்து வந்து எழுந்து நிற்கும் குழந்தை அதில் கையை ஊன்றி, அதே கையை வாயில் வைக்கிறது. ஈயம் துளிகூடக் கூடவில்லை. ரிஸ்க் மட்டும் பல மடங்கு ஏறிவிட்டது. குழந்தையின் ரத்தத்தில் இவ்வளவு ஈயம் இருந்தால் பரவாயில்லை என்று சொல்ல ஓர் அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

ஹசார்ட் பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல், முதலில் அது ஒரு பகடை ஆட்டத்தின் பெயர். பகடைக் காயைக் குறிக்கும் 'அஸ்ஸஹ்ர்' என்ற அரபுச் சொல்லே மூலம் என்று பலரும் சொல்கிறார்கள். வாய்ப்பைக் குறித்த சொல் இன்று தீங்கின் மூலத்தைக் குறிக்கிறது, வாய்ப்புக் கணக்கை ரிஸ்க் எடுத்துக்கொண்டது.

தமிழுக்கு வருவோம். ஆபத்து வடமொழி 'ஆபத்', வந்து விழுந்துவிட்ட கேடு என்று பொருள். அபாயமும் வடமொழிதான், இழப்பு, கேடு என்ற பொருளில் வருவது. இரண்டுமே நடந்துமுடிந்த கேட்டின் பக்கம் சாய்கின்றன, காத்திருக்கும் தீங்குக்குப் பொருந்தவில்லை. 'இடர்' நம் பழஞ்சொல், 624ஆம் குறளில் 'இடர்ப்பாடு' என்று வருகிறது. அங்கே அதன் பொருள் துன்பம் என்பது உண்மைதான், ஆனால் பேரிடர், பேரிடர் மேலாண்மை என்று ஏற்கெனவே புழங்குகிறோம், அதனால் பேரிடராக மாறக்கூடியதை இடர் என்பது இயல்பாகவே அமைகிறது. என் தேர்வு: ஹசார்ட் என்றால் இடர், ரிஸ்க் என்றால் இடர்வாய்ப்பு.

இப்படிப் பிரித்துவிட்டால் என்ன செய்வது என்பதும் வரிசையாக வந்துவிடும். முதலில் இடரையே நீக்கப் பார்க்க வேண்டும். ஈயம் கலந்த கார் பெட்ரோலை உலகம் அப்படித்தான் ஒழித்தது, கடைசியாக அல்ஜீரியா 2021இல் நிறுத்தியது. நீக்க முடியாவிட்டால் தீங்கு குறைந்த வேறொன்றுக்கு மாறலாம், அதுவும் முடியாவிட்டால் ஆளுக்கும் இடருக்கும் நடுவே தடுப்பு, பிறகு வேலை செய்யும் முறையில் மாற்றம். மாஸ்க்கும் கையுறையும் கடைசி. எல்லாவற்றையும் ஆபத்து என்று சொல்லிப் பழகியவர்கள் நேராக மாஸ்க்கைத்தான் தேடுகிறார்கள்.

அந்த ஜன்னலுக்கு வருகிறேன். உப்புத்தாளை வைத்து உலர்வாகத் தேய்த்துவிடாதீர்கள், வீடு முழுக்கத் தூள் பறக்கும். துடைப்பத்தால் பெருக்கவும் வேண்டாம், ஈரத்துணியால் துடையுங்கள். குழந்தையின் கையைச் சாப்பாட்டுக்கு முன்னால் கழுவிவிடுங்கள், விவரம் தெரிந்த ஆளை வைத்து ஜன்னல் சட்டத்தையே மாற்றும்வரை.