லிப்ட் ஆயில் பால் நிறமானால்: ஒருமுறை மாற்றினால் தண்ணீர் போகாது

சேற்று உழவு முடிகிற நாட்களில் டெல்டாப் பக்கம் எந்த டிராக்டர் பட்டறைக்குப் போனாலும் இந்தப் புகார் காதில் விழும். கலப்பையைத் தூக்கும் ஹைட்ராலிக் லிப்ட் வெட்டி வெட்டி ஏறுகிறது, பிரேக் மிதித்தால் கத்துகிறது. டிப் ஸ்டிக்கை உருவினால் ஆயில் பால் ஊற்றிய டீ நிறத்தில் இருக்கும். "போன மாசம்தானே தம்பி மாத்தினேன், கடைக்காரன் டூப்ளிகேட் கொடுத்துட்டான்" என்பார் வண்டிக்காரர். என் அனுபவத்தில் பெரும்பாலும் ஆயில் மேல் குற்றம் இல்லை. தண்ணீர் வந்த வழி இன்னும் திறந்தே இருக்கிறது. உள்ளே தங்கிய தண்ணீரும் முழுதாகப் போகவில்லை.

நம் ஊரில் ஓடும் பல டிராக்டர்களில் கியர் பாக்ஸ், டிஃபரன்ஷியல், லிப்ட் எல்லாவற்றுக்கும் ஒரே ஆயில்தான். ஆயில் பிரேக் வண்டியில் பிரேக் தட்டும் அதிலேயே முழுகி இருக்கும். அதனால் கியர் லிவர் வழியாக இறங்கிய மழைத் தண்ணீர் பம்பையும் வால்வையும் பிரேக்கையும் சேர்த்தே கெடுக்கும். வால்வுக்குள் முன்னும் பின்னும் ஓடும் ஸ்பூல் என்ற சிறு தண்டில் மெல்லிய துரு படிந்தாலே போதும், லிப்ட் சொன்ன இடத்தில் நிற்காது.

வெளுத்த ஆயில் எல்லாமே தண்ணீர் கலந்ததல்ல. பம்ப் உறிஞ்சும் பக்கம் காற்று இழுத்தாலும் ஆயில் வெளுக்கும். ஒரு கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் பிடித்து ஒரு மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். காற்றாக இருந்தால் குமிழி மேலேறி ஆயில் அடியிலிருந்து தெளிந்துவிடும். தண்ணீராக இருந்தால் கலங்கலாகவே நிற்கும், இல்லையென்றால் அடியில் தனியாகப் படியும். சந்தேகம் தீராவிட்டால் ஒரு இரும்புத் தகட்டை தோசைக்கல் சூட்டுக்குக் காய வைத்து, அடுப்பை விட்டுத் தள்ளி எடுத்து வந்து, ஒரு சொட்டு ஆயில் விடுங்கள். ஆயிரத்தில் ஒரு பங்கு தண்ணீர் இருந்தாலும் சடசடவென்று பொரியும். கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யுங்கள், தெறிக்கும்.

சரி, தண்ணீர் எப்படி வருகிறது? கியர் லிவர் அடியில் இருக்கும் ரப்பர் உறை, அதாவது பூட், கிழிந்திருப்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். மழையில் நிற்கும் வண்டிக்கு அது ஒரு புனல் வைத்த கணக்கு. அடுத்து வாட்டர் சர்வீஸ். பிரஷர் தண்ணீரை பிரீதர் (உள்ளே காற்று போய்வரும் சிறு துளை) மேலும் சீல் மேலும் நேராக அடித்தால் கட்டாயம் உள்ளே போகும். ஆனால் பலருக்கும் தெரியாத வழி வயலுக்குள்தான் இருக்கிறது. காலை முழுக்கச் சேறடித்ததில் பின் ஹவுசிங் (இந்த ஆயில் இருக்கும் கூடு) நன்றாகச் சூடேறியிருக்கும். சாப்பாட்டுக்கு வண்டியைத் தண்ணீருக்குள்ளேயே அணைத்து நிறுத்திவிட்டுப் போகிறார்கள். சூடு ஆற ஆற உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். பிரீதர் திறந்திருந்தால் வெளிக்காற்று வந்து ஈடு செய்யும். அது சேறு அப்பி அடைந்திருந்தால் ஹவுசிங் வேறு வழி தேடும். ஆக்சில் சீல், பி.டி.ஓ. (பின்னால் கருவிகளைச் சுழற்றும் தண்டு) சீல் ஓரமாகச் சேற்றுத் தண்ணீரை உறிஞ்சும். ஆயிலை உள்ளே நிறுத்தத்தான் அந்த சீல்கள். வெளியிலிருந்து இழுக்கும்போது அவ்வளவாகத் தடுக்காது. அதனால் வண்டியை வரப்புக்கு மேலே ஏற்றி நிறுத்துங்கள். பிரீதரைத் தினமும் துடையுங்கள்.

டிப்பர் டிரெய்லரையும் மறக்காதீர்கள், அதைத் தூக்கும் ஜாக்கிக்கும் வண்டியின் ஆயில்தான் ஹோஸ் வழியாகப் போகிறது. தரையில் கிடந்த ஹோஸ் முனையைத் துடைக்காமல் மாட்டினால் சேறும் தண்ணீரும் நேராக வண்டிக்குள் போகும். டிரெய்லர் ஜாக்கிக்குள் பழைய கலங்கல் ஆயில் இருந்தால், நீங்கள் ஊற்றிய புது ஆயிலும் முதல் லோடிலேயே கலங்கிவிடும்.

இப்போது தண்ணீரை எடுப்பது. முதலில் தண்ணீர் வந்த வழியை அடைத்துவிடுங்கள், அப்புறம் ஆயில் வாங்குங்கள். வண்டியைச் சமதரையில் ஒரு ராத்திரி ஆடாமல் விடுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே டிரெயின் பிளக்கை மெதுவாகத் தளர்த்துங்கள். தனியாகப் படிந்த தண்ணீர் முதலில் வரும், ஆயில் வந்ததும் இறுக்கிவிடலாம். ஆயிலோடு கலந்துபோன தண்ணீர் இப்படிப் பிரியாது. வண்டியை ஓட்டிச் சூடாக்கி, லிப்ட் கைகளை முழுக்க இறக்கி, சூடு ஆறுவதற்குள் எல்லா டிரெயின் பிளக்கையும் கழற்றி வடிக்க வேண்டும். பல மாடல்களில் ஒன்றுக்கு மேல் பிளக் இருக்கும். ஒரு பக்கம், அப்புறம் மறு பக்கம் என்று ஜாக்கி வைத்துத் தாங்கு கொடுத்துத் தூக்கினால் ஆக்சில் கைக்குள் தங்கியதும் இறங்கும்.

அப்படியும் எல்லாம் வராது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 40 லிட்டர் ஆயிலில் 2 லிட்டர் தண்ணீர் என்று வையுங்கள். வடித்த பிறகு ஆக்சில், சிலிண்டர், பைப் எல்லாவற்றிலும் சேர்த்து 6 லிட்டர் தங்கினால், அதில் 300 மில்லி தண்ணீர். புது ஆயில் ஊற்றியதும் அது மறுபடி எங்கும் கலக்கும். இரண்டாம் தடவை வடித்தால் 45 மில்லி, மூன்றாம் தடவையில் 7 மில்லிக்குப் பக்கம். ஒரே தடவை மாற்றியவருக்கு மறுபடி ஏன் வெளுத்தது என்பது இதிலேயே தெரியும்.

அதனால் கழுவுவதற்கு என்று ஒரு சுற்று ஆயில் ஒதுக்கத்தான் வேண்டும். விலை குறைந்த கம்பெனியாக இருக்கலாம், கிரேடு அதேதான் இருக்க வேண்டும். ஊற்றி, லிப்டைப் பல தடவை ஏற்றி இறக்கி, எல்லா கியரிலும் அரை மணி நேரம் ஓட்டி, சூட்டோடு வடியுங்கள். செலவைப் பார்த்துச் சிலர் டீசல் ஊற்றி ஓட்டுகிறார்கள். நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். பம்புக்கும் பேரிங்குக்கும் டீசல் போதுமான வழவழப்பைத் தராது. மூலையில் தங்கும் டீசல் புது ஆயிலையும் நீர்க்க வைக்கும். ஆயில் பிரேக் வண்டியில் பழைய இன்ஜின் ஆயில் கூடவே கூடாது.

வடிக்கும்போதெல்லாம் ஸ்ட்ரெய்னரை (வலை வடிகட்டி) கழற்றிக் கழுவுங்கள். பேப்பர் ஃபில்டரைக் கழுவ முடியாது, தண்ணீரில் ஊறி உப்பிவிடும், மாற்றியே ஆக வேண்டும். ஸ்ட்ரெய்னரில் செம்பழுப்புப் பொடி வந்தால் உள்ளே துரு ஆரம்பித்துவிட்டது, மேல் கவரைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். கடைசிச் சுற்றுக்குப் பிறகு எஞ்சும் சிறு ஈரத்தை, காய்ந்த நிலத்தில் அரை நாள் நன்றாக உழுதால் சூடே பிரீதர் வழியாக ஆவியாக்கி அனுப்பும். தண்ணீர் நிறைய இருக்கும்போது இந்த வழி உதவாது.

வெள்ளத்தில் முழுகிய வண்டி வேறு கதை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அப்படி ஒரு வெள்ளத்தில் நின்ற டிராக்டரை, ஓடுகிறதா என்று பார்க்கக்கூட ஸ்டார்ட் செய்யாதீர்கள். பல மாடல்களில் இன்ஜின் சுற்றினாலே ஹைட்ராலிக் பம்பும் சுற்றும், வண்டலை இழுத்து வால்வு வரைக்கும் கொண்டுபோய்விடும். முதலில் வடியுங்கள், ஹவுசிங்கைத் திறந்து வண்டலைத் துடைத்தெடுங்கள், பிறகுதான் கழுவுகிற ஆயில். கடல் தண்ணீர் கலந்திருந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது, உப்பு வேகமாக அரிக்கும்.

வடித்த ஆயிலை வாய்க்காலில் விடாதீர்கள். டிரம்மில் மூடி வைத்து, பழைய ஆயில் எடுக்க அனுமதி பெற்றவர்களிடம் கொடுங்கள். அடுத்த இரண்டு வாரம் தினமும் காலையில் டிப் ஸ்டிக்கைப் பாருங்கள். மறுபடி வெளுத்தால் ஆயில் கடைக்குப் போவதற்கு முன் கியர் லிவர் ரப்பர் உறையையும் பிரீதரையும் சீலையும் இன்னொரு தடவை பார்க்கச் சொல்லுங்கள்.