மனவடு: ஒரு சொல் விளக்கம்

பேரிடரில் சிக்கிய மக்களின் உளநலத்தைப் பற்றி எழுதுவோர் 'ட்ராமா' என்ற சொல்லை அப்படியே எடுத்தாள்கின்றனர். காயம் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல் அது. ஐரோப்பிய மருத்துவம் நெடுங்காலம் அதனை உடற்காயத்துக்கே வழங்கியது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், தொடர்வண்டி விபத்துகளில் வெளிக்காயமின்றித் தப்பியவர்களும் நெடுநாள் துன்புற்றதைக் கண்ட பிறகே உள்ளத்துக்கும் ஏற்றிச் சொல்லலாயினர். தமிழ் எழுத்தில் இது நாடகத்தைக் குறிக்கும் 'டிராமா'வோடு குழம்பும். வேறு சொல் தேடுவதற்கு அதுவே போதிய காரணம்.

நாளிதழ்கள் எழுதும் 'மன அதிர்ச்சி' இதற்குப் பொருந்தாது என்பது என் கருத்து. அதிர்ச்சி சட்டென வந்து தணிவது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தாக்கிய நாகப்பட்டினத்திலும் முல்லைத்தீவிலும் மட்டக்களப்பிலும் நேர்ந்ததை அதிர்ச்சி என்று மட்டும் கொண்டால், உளநலப் பணியும் அரிசியையும் தார்ப்பாயையும் போல முதல் சில மாதங்களுக்கான நிவாரணமாகச் சுருங்கிவிடும். பலருக்கு உறக்கமின்மையும் அச்சமும் காலப்போக்கில் தணிகின்றன என்பது உண்மையே. ஆயினும் பிள்ளைகளை இழந்தோரின் துயரும், பிழைப்பும் அக்கம்பக்கமும் குலைந்ததால் வரும் மனச்சோர்வும் குடிப்பழக்கமும் நிவாரண முகாம்கள் கலைந்த பின்னரே பெரிதாகத் தலைகாட்டக்கூடும்.

ஈழத்து உளமருத்துவ எழுத்தில் வழங்கும் 'மனவடு' இதனினும் தகுந்தது. புண்ணுக்கும் வடுவுக்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழ் முன்பே அறியும். 'தீயினாற் சுட்டபுண் உள்ளாறும் ஆறாதே நாவினாற் சுட்ட வடு' என்ற குறளுக்கு உரை சொல்லும் பரிமேலழகர், ஆறிப்போவதைப் புண் என்றும் ஆறாது கிடப்பதை வடு என்றும் வள்ளுவர் பிரித்ததாக விளக்குகிறார். கிரேக்கச் சொல் காயத்தோடு நின்றுவிட, நம் சொல் அதற்குப் பின்வரும் ஆண்டுகளையும் தன்னுள் கொண்டிருக்கிறது.

வடு தனி மனிதருக்கு மட்டும் உரியதன்று. 1972இல் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில், பஃபலோ கிரீக் பள்ளத்தாக்கில் நிலக்கரிச் சுரங்கக் கழிவைத் தேக்கிய அணை உடைந்து 125 பேர் இறந்தனர். எஞ்சியோரைப் பழைய அயலவர் யார் என்று பாராமல் தற்காலிக வண்டி வீடுகளில் குடியமர்த்தினர். வெள்ளத்தில் தப்பிய உறவுகளும் அங்கே அறுந்தன. அதனை ஆராய்ந்த சமூகவியலாளர் கை எரிக்சன், தனியாள் காயத்திலிருந்து சமூகத்தின் காயத்தைப் பிரித்துக் காட்டினார். யாழ்ப்பாணத்து உளமருத்துவர் தயா சோமசுந்தரம் போரையும் ஆழிப்பேரலையையும் சேர்த்து எழுதியதும் இந்தக் கூட்டுக் காயத்தைப் பற்றியே. இதனைக் 'கூட்டு மனவடு' எனலாம். இத்தகைய வடுவுக்கு மாத்திரையும் தனியாள் உளவளத்துணையும் (கவுன்சலிங்) மட்டும் போதா. ஊரை ஊராகவே குடியமர்த்துவதும், ஆண்டு நினைவுச் சடங்குகளுக்கு இடம் தருவதும் மருத்துவத்தின் பகுதியே.

ஒரு தடை உண்டு. அன்றாட வழக்கில் வடு என்பது மூடிய புண்ணின் தடம். உறவினரின் உடலே கிடைக்காமல் ஈமக்கடன் செய்ய இயலாதவருக்குப் புண் இன்னும் மூடவில்லை. அவர்களைக் குறித்து எழுதுகையில் 'மனக்காயம்' என்பதையே ஆள்வது நேர்மையாக இருக்கும்.